செகிஞ்சானுக்கு வரலாமா?

பெங்களூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, அக்டோபரில் நானும் என் துணைவரும் செகிஞ்சான் வரலாமா?" இருவரும் ஆண்கள். வாங்க என்றுதான் முதலில் வாயில் வந்தது. நெல் வயல், ரெடாங் கடற்கரையில் சிவப்பு நாடாக்கள் தொங்கும் வேண்டுதல் மரம், கம்போங் குவாந்தானில் ஆற்றோரம் மினுங்கும் மின்மினிகள் என்று காட்ட எவ்வளவோ உண்டு. ஆனால் இங்கே மலேசியாவில் ஆண்களுக்கிடையிலான உடலுறவுக்குத் தண்டனைச் சட்டம் 377பி பிரிவு 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி என்கிறது. 377 என்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் அதன் பல்லைப் பிடுங்கியது, சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022-இல் நீக்க வாக்களித்தது. பக்கத்துத் தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் ஒரே பாலினத்தார் கல்யாணமே பதியலாம். 2019-இல் நம் சுற்றுலா அமைச்சரோ பெர்லினில், அப்படிப்பட்டவர்கள் நாட்டில் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். இன்னும் வலிக்கிறது. இங்குள்ள தோட்டங்களில் பிறந்து, வீட்டில் சொல்ல முடியாமல் கோலாலம்பூருக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெளியில் கைகோத்து நடக்காதீர்கள் என்று தம்பிக்கு எழுத மனசு கூசியது, எழுதினேன். விடுதி வேண்டாம், என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்றும் எழுதினேன்.