வாட்ச்மேனும் 12 'இஃப்'களும்

கம்பெனி ஒன்றில் சம்பள புரோகிராமைக் கட்டி மேய்க்கிறான் என் நண்பன். போன மாசம் வாட்ச்மேன் பெரியவர் வந்து நின்றார். "தம்பி, புதுசா நைட் டூட்டி போட்டாங்க. ஓவர்டைம் ஒரு பைசா வரலியே?"

புரோகிராமைத் திறந்தான். ஒரே ஃபங்ஷனில் 'இஃப்'புக்குள் 'இஃப்'பாக மொத்தம் 12. வேரியபிள்களுக்குப் பேர் எக்ஸ், எக்ஸ்1, டெம்ப். எந்த மகானுபாவன் எழுதியது என்று பார்த்தால், சாட்சாத் இவனேதான்! மூன்று வருஷத்துக்கு முன்னால்.

தாமஸ் மெக்கேப் என்பவர் 1976-ல் ஒரு கணக்குச் சொன்னார். முடிவெடுக்கும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டு. பத்தைத் தாண்டினால் உடைத்துச் சின்னதாக்கு. நண்பனுக்கு 13.

உடைத்தான். லீவு, ஆப்சென்ட் எல்லாவற்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினான். ஓவர்டைமுக்குத் தனி ஃபங்ஷன். 'டெம்ப்', 'நைட்ஹவர்ஸ்' ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய சம்பளப் பட்டியலோடு ஒத்துப்பார்த்தான்.

திருடன் தானாக அகப்பட்டான். ராத்திரி 22 மணிக்கு வந்து காலை 6-க்குப் போனால், ஆறில் இருபத்திரண்டைக் கழித்து மைனஸ் 16! மைனஸ் என்றால் பூஜ்யம் என்று எட்டாவது 'இஃப்' கையை விரித்திருக்கிறது.

பி.காம். படிக்கையில் ஜர்னல் என்ட்ரிக்குக் கீழே நரேஷன் எழுதாவிட்டால் எங்கள் வாத்தியார் அரை மார்க் வெட்டுவார். "உனக்குப் புரிஞ்சா போதுமாய்யா? நாளைக்கு வர்ற ஆடிட்டருக்குப் புரிய வேணாமா?"

அந்த ஆடிட்டர் நாமேதான், மூன்று வருஷம் கழித்து.

பெரியவருக்கு அரியர்ஸ் வந்துவிட்டது. நண்பனுக்குத்தான் இன்னும் சல்யூட் வரவில்லை.