எண்ணிக்கையா, எழுச்சியா?

தோழா!

"நம் பக்கத்தைப் பின்தொடர்வோர் தொகை இலட்சத்தைத் தாண்டிவிட்டது!" என்று மார்பை நிமிர்த்திச் சொல்கிறாய். இரவெல்லாம் கண் விழித்தாய்; கட்டைவிரல் தேயத் தேயத் திரையைத் தள்ளினாய்; மாற்றார் வீசிய சொல்லம்புகளை மார்பிலே தாங்கினாய். பாராட்டுகிறேன். பாராட்டோடு ஒரு கேள்வியும் உண்டு. முகம் சுளிக்காமல் கேள்.

உன் ஊர் ஏரிக்கரையை எவனோ ஒருவன் வளைத்துப் போட்டுவிட்டான் என்று வைத்துக்கொள். நாளை மாலை ஆறு மணிக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் முன்னே கண்டன ஆர்ப்பாட்டம் என்று அந்தப் பக்கத்திலே அறிவிக்கிறாய். ஆயிரம் பேர் விருப்பக்குறி இடுவார்கள், இருநூறு பேர் தீப்பிழம்புப் படம் போடுவார்கள், ஐம்பது பேர் "களம் நமதே!" என்று முழங்குவார்கள். மணி ஆறு அடிக்கும்போது அங்கே நிற்பவர் யார்? நீ, கொடி பிடித்த இருவர், ஒலிபெருக்கிக்காரர், வேடிக்கை பார்க்கும் காவலர்! இலட்சம் எங்கே போயிற்று? இலட்சம் வரவில்லையா, அல்லது இலட்சம் என்பதே இருந்ததில்லையா?

இல்லாததை இருப்பதாகக் காட்டும் வாணிபம் ஒன்று நடக்கிறது. நாடகக்காரன் அல்லவா நான், அதைக் காட்சியாகவே காட்டுகிறேன். ஒருபுறம் நம் ஒன்றியத்து நண்பர். மறுபுறம் எண் வியாபாரி, கையிலே மடிக்கணினி.

"ஐயா, எத்தனை வேண்டும்?"

"எதைக் கேட்கிறீர்?"

"பின்தொடர்வோரைத்தான்! பத்தாயிரமா, ஐம்பதாயிரமா? பொழுது விடிவதற்குள் தருகிறேன்."

"ஆட்களா?"

"ஆட்கள் எதற்கு ஐயா? ஆட்கள் என்றால் கேள்வி கேட்பார்கள், தேநீர் கேட்பார்கள், ஊர் திரும்ப வண்டி கேட்பார்கள். நான் தருவது எண். எண் எதையும் கேட்காது!"

கற்பனை என்று நகைக்காதே! அமெரிக்காவிலே தெவூமி என்றொரு நிறுவனம் இதையே தொழிலாக நடத்தியது. குறைந்தது 35 இலட்சம் தானியங்கிக் கணக்குகளைக் கையிலே வைத்துக்கொண்டு, ஒன்றையே பலருக்கும் திரும்பத் திரும்ப விற்று, 20 கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர் பின்தொடர்வோரை வாடிக்கையாளர்களுக்கு வழங்கியது என்று 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் ஏடு வெளிச்சம் போட்டது. வாங்கியவர்கள் யார்? நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், அரசியல்வாதிகள்! அதே ஆண்டு ஜூலையில் ட்விட்டர் நிறுவனம் முடக்கி வைத்திருந்த கணக்குகளைப் பின்தொடர்வோர் தொகையிலிருந்து கழித்தது. ஒரே வாரத்தில் ஒபாமாவின் தொகையிலேயே 20 இலட்சத்துக்கும் மேல் குறைந்தது. அவர் விலைக்கு வாங்கியவர் அல்லர். தாமாக வந்து ஒட்டிய தூசு அது. துடைத்தபோது தெரிந்தது எவ்வளவு தூசு என்று!

பொய்க் கூட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். பொய் ஒருநாள் வெளுத்துவிடும். எனக்கு அச்சம் தருவது மெய்க்கூட்டம். உண்மையான மனிதர்கள், உண்மையான ஆர்வம், உண்மையான பணம், எல்லாம் இருந்தும் களத்திலே கவிழ்ந்த கதை ஒன்றுண்டு. அந்தக் கதையை நம் இயக்கத்தில் இணையத்தின் முன் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவனும் அறிந்திருக்க வேண்டும்.

2003-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலே வெர்மாண்ட் என்றொரு சின்னஞ்சிறு மாநிலம். மக்கள் தொகை ஆறு இலட்சத்தைச் சுற்றித்தான். அதன் ஆளுநராக இருந்தவர் ஹோவர்ட் டீன், மருத்துவர். அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகத் துணிந்தார். பணம் இல்லை, பரிவாரம் இல்லை, நாடறிந்த பெயரும் இல்லை. ஆனால் ஈராக்கின் மீது போர் கூடாது என்று சொல்லும் நெஞ்சுரம் இருந்தது. அவர் கட்சியின் பெருந்தலைகள் பலர் அந்தப் போருக்கு அதிகாரம் அளித்து வாக்களித்திருந்தார்கள். கொதித்துக் கிடந்த தொண்டர்களுக்கு வாய் ஒன்று தேவைப்பட்டது, டீன் வாயானார்.

முகநூல் பிறக்காத காலம் அது. யூடியூப் இல்லை, ட்விட்டர் இல்லை. டீனின் இளைஞர் குழு வலைப்பதிவு ஒன்றைத் தொடங்கியது. வேட்பாளரின் வலைப்பதிவு என்றால் அறிக்கைக் குப்பை என்றுதானே நினைப்பாய்? இல்லை! கீழே யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். எழுதியதைத் தலைமையகத்தார் படித்தார்கள், மறுமொழி சொன்னார்கள், நல்ல யோசனை வந்தால் எடுத்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு சிற்றூரிலே தனியாய்ப் பொருமிக்கொண்டிருந்தவன் "என் சொல்லையும் கேட்கிறார்களே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். மீட்டப் என்ற தளத்தின் வழியே மாதந்தோறும் அவரவர் ஊரிலே கூடினார்கள். நிதி திரட்டும் நாட்களில் பேஸ்பால் ஆட்டத்து மட்டையின் படத்தைப் பக்கத்திலே வரைந்து வைத்தார்கள். காசு சேரச் சேர மட்டை நிறைந்துகொண்டே போயிற்று.

ஜூலையிலே நடந்ததைக் கேள், நாடக ஆசிரியன் எவனும் பொறாமைப்படுவான். துணை அதிபர் செனி, தம் அணிக்கு நிதி சேர்க்க விருந்து வைத்தார். ஒரு தட்டுக்கு 2,000 டாலர்! அதே நாளில் டீன் என்ன செய்தார்? கணினியின் முன் உட்கார்ந்து, வான்கோழி இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றார். அந்தப் படத்தை இணையத்திலே போட்டு, "நீங்களும் விருந்துக்கு வாருங்கள்" என்றார்கள். பத்தும் இருபதும் ஐம்பதுமாகக் கொட்டியது. ஐந்து இலட்சம் டாலரைத் தாண்டியது. துணை அதிபரின் விருந்து தோற்றது! ரொட்டித் துண்டு தங்கத் தட்டை வென்ற காட்சி அது. அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் ஏறத்தாழ ஒரு கோடியே 48 இலட்சம் டாலர். அவர் கட்சியில் அதுவரை எவரும் ஒரு காலாண்டில் கண்டிராத தொகை. ஏடுகளின் அட்டையிலே டீன், முன்னாள் துணை அதிபர் கோரின் ஆதரவு டீனுக்கு, கருத்துக் கணிப்பிலே டீன் முன்னணி!

2004 ஜனவரி 19. அயோவா மாநிலம். முதல் களம். அன்று அங்கே வாக்குச்சீட்டைப் பெட்டியிலே போட்டுவிட்டு ஓட முடியவில்லை, தோழா. பனிக்கால இரவிலே பள்ளிக்கூடங்களிலும் மன்றங்களிலும் நேரிலே கூட வேண்டியிருந்தது; எந்த வேட்பாளருக்கு ஆதரவு என்று பக்கத்து வீட்டான் பார்க்க, பால்காரன் பார்க்க, பிரிந்து நிற்க வேண்டியிருந்தது. முடிவு என்ன? ஜான் கெர்ரி நூற்றுக்கு 38. எட்வர்ட்ஸ் 32. டீன்? 18! மூன்றாம் இடம்.

அன்றிரவு மேடையிலே மாநிலங்களின் பெயரை அடுக்கி அவர் எழுப்பிய கூவலைத் தொலைக்காட்சிகள் நூற்றுக்கணக்கான முறை ஓட்டிக் கேலி செய்தன. "அந்தக் கூவல்தான் அவரைக் கவிழ்த்தது" என்று இன்றும் சொல்வார் உண்டு. தோற்ற பிறகு எழுந்த குரல் எப்படித் தோல்விக்குக் காரணமாகும்? சகவேட்பாளர் ஒருவரோடு சேற்றை வாரி இறைத்துக்கொண்டது ஒரு காரணம். நாவடக்கம் இல்லாமை இன்னொன்று. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் ஆரஞ்சு நிறக் குல்லாய் அணிந்து அயோவாவின் வீட்டுக் கதவுகளைத் தட்டினார்கள். அன்புள்ளம் படைத்தவர்கள்தாம்; ஆனால் அயலார்! சோளக் கொல்லையிலே வாழும் கிழவர், இன்னார் மகன் என்று தெரியாத ஒருவன் சொல்லியா அணி மாறுவார்? வலைப்பதிவிலே கூடிய கூட்டம் ஏற்கெனவே டீனை நம்பியவர்களின் கூட்டம். ஒருவரை ஒருவர் வியந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள். அந்தத் தட்டலின் ஓசையை நாட்டின் கைதட்டல் என்று எண்ணிவிட்டார்கள். இன்று நம் பக்கங்களிலே நடப்பது வேறா?

பாடம் வீண்போகவில்லை. டீன் அணியிலே இணையப் பணி செய்த இளைஞர் சிலர் அடுத்த தேர்தலில் ஒபாமாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். தளத்துக்கு வந்தவனிடம் "எங்களை விரும்புகிறாயா?" என்று கேட்டு நிறுத்தவில்லை. "உன் ஊர் எது? உன் தெருவில் யாரைத் தெரியும்? இந்த வாரம் எந்த மாலை உனக்கு ஓய்வு?" என்று கேட்டார்கள். உள்ளூர்க்காரன் உள்ளூர்க்காரனோடு பேசினான். 2004-இல் அயோவாவில் அக்கட்சிக்காகக் கூடியவர் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம். 2008 ஜனவரி 3-ஆம் நாளிலோ ஏறத்தாழ இரண்டு இலட்சத்து 39 ஆயிரம். ஒபாமா 38 விழுக்காட்டோடு முதலிடம்! அந்தத் தேர்தல் முடியும்போது அவர் அணியின் கையிலே ஒரு கோடியே 30 இலட்சம் மின்னஞ்சல் முகவரிகள் இருந்ததாகச் சொன்னார்கள்.

அந்த முகவரிகள் அணியினுடையவை என்பதைக் கவனி! எந்த முதலாளியின் பெட்டகத்திலும் இல்லை. நீயோ இலட்சம் பேரையும் அயலான் கொட்டகையிலே உட்கார வைத்துவிட்டு, "என் கூட்டம்" என்கிறாய். கொட்டகைக்காரன் விளக்கை அணைத்தால்? ஓர்க்குட் நினைவிருக்கிறதா? நம் கல்லூரி இளைஞர்கள் குடியிருந்த கோட்டை; 2014 செப்டம்பர் 30-இல் கதவடைத்தார்கள். டிக்டாக்கிலே கோடிக்கணக்கான இந்தியர் ஆடினார்கள், பாடினார்கள். 2020 ஜூன் 29-இல் அரசு தடை விதித்தது. மறுநாளே மேடையைக் காணவில்லை. அணைக்காமலே திரையைப் பாதி இறக்குகிறவனும் உண்டு. பக்கம் ஒன்றின் பதிவு, அதைப் பின்தொடரும் நூறு பேரில் சராசரியாகப் பதினாறு பேரையே சேர்கிறது என்று 2012-இல் முகநூல் நிறுவனமே சொல்லியது. மீதிப் பேரிடம் பேச வேண்டுமா? விளம்பரக் காசைக் கட்டு! 2018 ஜனவரியில், நண்பர், குடும்பத்தார் பதிவுகளுக்கே முதலிடம், மற்றப் பக்கங்கள் பின்னே என்று விதியை மாற்றினார்கள். உன்னைக் கேட்டார்களா? நீ அழைத்து வந்த கூட்டத்தோடு நீ பேச, கூலி நீயே கொடுக்கும் விந்தையை எந்த ஜமீன்தாரும் கண்டுபிடித்ததில்லை!

"மெரினாவை மறந்தாயா?" என்று நீ சீறுவது கேட்கிறது. மறப்பேனா! 2017 ஜனவரியில் ஏறுதழுவுதலுக்காகக் கைப்பேசியிலே பறந்த அழைப்பு கடற்கரையை நிறைத்தது; சட்டப்பேரவை சட்டம் இயற்றியது. ஆனால் அந்த அழைப்பு யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று? விடுதித் தோழன் தோழனை அழைத்தான், தங்கை அண்ணனை அழைத்தாள். பெயர் தெரிந்தவன் பெயர் தெரிந்தவனை அழைத்ததால் கால்கள் நடந்தன. மெரினா என் கட்சிக்குத்தான் சான்று.

ஆகவே இணையத்தை விட்டு விலகு என்றா சொல்கிறேன்? அது பித்தன் பேச்சு. பத்துப் பேர் அமரும் படிப்பகத்துக்கும் பத்து நாடுகளிலிருந்து வாசகர் வரக்கூடிய கருவி அது. முகநூலிலே நில், யூடியூபிலே பேசு, இன்ஸ்டாகிராமிலே படம் காட்டு; ஆனால் அவையெல்லாம் சந்தைத் தெருக்கள். சந்தையிலே கூவிவிட்டு ஆளை வீட்டுக்கு அழைத்து வா! இயக்கத்துக்கென்று சொந்தத் தளம், சொந்தப் பெயரில் முகவரி, விரும்பி வருவோர் தாமே எழுதித் தரும் மின்னஞ்சல் பட்டியல். அந்தப் பட்டியலை வேறெவனுக்கும் விற்காதே, கடன் கொடுக்காதே. நம்பித் தந்தது அது.

அங்கே என்ன எழுதுவாய்? தலைவரின் பிறந்தநாள் வாழ்த்தையா? அதை அவர் வீட்டாரே படிக்கமாட்டார்கள்! நியாயவிலைக் கடையிலே எடை குறைந்ததை எழுது. எந்தக் கடை, எந்த நாள், எத்தனை கிலோ என்று எழுது. குறித்த கிழமையில் எழுது; வாசகன் எதிர்பார்க்கப் பழகுவான். வந்ததை வந்தபடி வாட்ஸ்ஆப்பிலே தள்ளிவிடும் பெயரில்லாச் செய்தியை இயக்கத்தின் வாசற்படி ஏற்றாதே. ஒரு பொய் பிடிபட்டால் உன் நூறு மெய்யும் கூண்டிலே நிற்கும். கேள்வி கேட்பவனை வசைபாடி விரட்டாதே. 2004-இல் தமிழ்மணம் என்னும் திரட்டி தோன்றிய நாட்களில், தமிழ் வலைப்பதிவுகளின் பின்னூட்டங்களிலே இரவு பகலாய் வாதம் நடந்தது. பதிவைவிடப் பின்னூட்டம் நீண்டதுண்டு. இன்றோ மாற்றுக் கருத்து வந்தவுடன் "தடை" என்ற பொத்தானைத் தேடுகிறது நம் விரல்! நாளை நமக்கு வாக்களிக்கக் கூடியவன் அந்த ஐயப்படும் மனிதன்தானே? ஏற்கெனவே கைதட்டுகிறவன் அல்லவே!

"இதற்கெல்லாம் பணம்?" என்று கடைசியாகக் கேட்பாய். ஒரு தளத்தின் பெயரை ஓராண்டுக்குப் பதிவு செய்ய ஆகும் தொகை, தலைவர் வருகைக்கு முச்சந்தியிலே கட்டும் ஒரு பெரிய பதாகையின் செலவைவிடக் குறைவு. இந்த முறை ஒரு பதாகையைக் குறைத்துக்கொள்வோம். அந்தப் பதாகையிலேதான் தம் படம் வரவிருந்தது என்று சண்டைக்கு வரப்போகும் நம் ஒன்றியத்து நண்பருக்கு இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பை மட்டும் உன்னிடமே விட்டுவிடுகிறேன்!