கடலில் தொடங்கும் மண்சரிவு

சப்ரகமுவ மலைத் தோட்டங்களில் மண் சரிந்தால், மழையைக் குறை சொல்லிச் செய்தியை முடித்துவிடுவது நம் பத்திரிகை உலகின் பழக்கம். அந்த மழையின் கதை கடலில் தொடங்குகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இலங்கையைச் சூழ்ந்த கண்டமேடை ஒடுக்கமானது. தென்கரையை விட்டுச் சற்றுத் தூரம் சென்றாலே, கடலடி கண்டச்சாய்வாக ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. தென்மேல் பருவக்காற்று அச்சாய்வின் ஓரமாக நீரோட்டத்தைக் கிழக்கே செலுத்துகிறது. புவிச் சுழற்சியால் மேல்நீர் காற்றின் வலப்புறமாக, அதாவது கரையை விட்டு, விலகுகிறது. அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த ஆழ்நீர் மேலெழுகிறது. வடகீழ்ப் பருவத்தில் நீரோட்டம் மேற்கே திரும்பிவிடும்.

புயல் உருவானால் இந்த ஒழுங்கு குலைகிறது. வெப்பமான கடலிலிருந்து புயல் வலிமை பெறுகிறது. மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கி, தான் கடந்த தடத்தைக் குளிரச் செய்கிறது. அது அள்ளிச் சென்ற ஈரமே மலையில் மோதி மழையாகக் கொட்டுகிறது.

2016 மே மாதம், பின்னர் ரோனு புயலாக வளர்ந்த தாழமுக்கம் கேகாலை மாவட்டத்தில் பெருமழையைக் கொட்டியது. அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. புளத்கொஹுபிட்டியவில் தோட்ட மக்களின் லயன்களும் புதையுண்டன. மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டை மீண்டும் உலுக்கியது.

கடலின் வெப்பத்தையும் நீரோட்டத்தையும் தொடர்ந்து அளந்தால், புயல் எவ்வளவு வலுக்கும் என்பதை முன்கூட்டியே கணிப்பது எளிதாகும். அந்த அளவீடுகளுக்கு அரசு தாராளமாகச் செலவிட வேண்டும். ஆனால், அதனால் கிடைக்கும் ஓரிரு நாள் அவகாசம் யாருக்குப் பயன்படும்?

காற்று வலுக்கும் என்றால் மீனவர் படகைக் கரையேற்றிவிடலாம். தோட்டத் தொழிலாளி என்ன செய்வார்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்ததும் வெளியேற வேண்டும் என்பது விதி. லயனும் அவருடையதன்று, அது நிற்கும் நிலமும் அவருடையதன்று. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. பாடசாலைக் கட்டடத்தில் சில இரவுகளைக் கழித்துவிட்டு, அதே சரிவின் கீழ் இருக்கும் லயனுக்கே திரும்புகிறார்.

ஆகவே, எச்சரிக்கை உரிய நேரத்தில் தமிழில் சென்றடைய வேண்டும். வெளியேறும் நாட்களுக்கு ஊதியம் வழங்கப்பட வேண்டும். அடுத்த பருவக்காற்றுக்கு முன் பாதுகாப்பான இடத்தில் உறுதிப்பத்திரத்துடன் காணி கொடுக்கப்பட வேண்டும். காற்றை எவராலும் தடுக்க இயலாது. இம்மூன்றையும் செய்ய அரசாலும் தோட்ட நிர்வாகங்களாலும் இயலும்.