ஓரியூரும் கொட்டோனூவும்

1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியாக இறந்தார். சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1993ஆம் ஆண்டு அதே பிப்ரவரி 4ஆம் நாள், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டின் கொட்டோனூ நகரில், திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் வூடூ சமயத் தலைவர்களைச் சந்தித்தார். நாள் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆயினும் சிவகங்கை மறைமாவட்டத்து இறைமக்களாகிய நாம் இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்திப்பது நல்லது.

வூடூ என்றவுடன் ஊசி குத்திய பொம்மைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது திரைப்படங்கள் கொடுத்த படம். பெனின் மக்களுக்கு வூடூ என்பது முன்னோர் வணக்கம். கடல், மண், இடி ஆகியவற்றின் ஆவிகளுக்குப் படையல். கோழி, ஆடு பலி. மேளம், அருள் வந்து ஆடுதல். முனியையும் கருப்பரையும் அய்யனாரின் புரவி எடுப்பையும் பார்த்தே வளர்ந்த நமக்கு இதில் வியப்படைய என்ன இருக்கிறது? 1861இல் அங்கு சென்ற கத்தோலிக்க மறைபரப்பாளர்கள் இதை அலகையின் வழிபாடு என்றே கண்டார்கள். அவர்கள் காலூன்றிய உய்தா துறைமுகமோ, கிறிஸ்தவ நாடுகளின் கப்பல்கள் பல தலைமுறைகளாக அடிமைகளை ஏற்றிச்சென்ற இடம். அந்த மக்கள் வெள்ளையரின் சமயத்தை ஐயத்தோடு பார்த்ததற்கு ஆவிகள் மட்டும் காரணமல்ல.

திருத்தந்தை 1993இல் அவர்களிடம் கண்டனம் எதுவும் பேசவில்லை. முன்னோர் கொடுத்த மரபுக்கு நீங்கள் நன்றியோடிருப்பது முறையே. உங்கள் நாட்டுக் கிறிஸ்தவர்களும் அந்த மண்ணின் பிள்ளைகளே, அவர்கள் விசுவாசத்தில் தங்களுக்குள்ள முன்னோர்களுக்கும் நன்றி சொல்கிறார்கள் என்ற கருத்தில் பேசினார். இயேசுவை அறிவிக்கும் கடமையையும் அவர் மறைக்கவில்லை.

இனி நம் மறவர் சீமைக்கு வருவோம். சிவகங்கை தனிச் சீமையாகப் பிரிந்தது 1730 வாக்கில்தான். அருளானந்தர் காலத்தில் எல்லாம் கிழவன் சேதுபதியின் ஆளுகை. லிஸ்பனில் 1647இல் பிறந்த பிரபுக்குலத்து மகன், இங்கே காவி உடுத்தி, புலால் நீக்கிப் பண்டாரசாமியாக வாழ்ந்தார். 1686இல் பிடிபட்டுக் கடும் வதைக்கு உள்ளானபோதும் சேதுபதி அவரைக் கொல்லவில்லை. நாட்டை விட்டுப் போகச் சொல்லி விடுவித்தார். அப்படியானால் 1693இல் மட்டும் ஏன் கொல்ல வேண்டும்?

தடியத்தேவர் நோய் நீங்கித் திருமுழுக்குக் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். அதன்படி மற்ற மனைவியர் விலக்கப்பட்டனர். அவர்களில் இளையவரான கடலாயி சேதுபதியின் உறவுப்பெண். தடியத்தேவரோ அரசுரிமை கோரத்தக்க குடும்பத்தவர். குருவுக்கு அது திருமண ஒழுங்கு. அரண்மனைக்கோ குடும்ப மானமும், கொண்டு கொடுத்த உறவும், அரசியல் அச்சமும் ஒன்றாகச் சேர்ந்த விவகாரம். எதிர்ப்பை எல்லாம் 'இருளின் சூழ்ச்சி' என்று சொல்லிவிட்டால் இவை எதுவும் நம் கண்ணில் படாமல் போகும்.

நம் நாடகங்களிலும் மறையுரைகளிலும் கடலாயி ஏரோதியாளாகவே வந்து போகிறார். திருமுழுக்கு யோவானின் கதை அருகிலேயே இருப்பதால் இந்த ஒப்புமை எளிதாக அமைந்துவிட்டது. ஆனால் ஏரோதியாள் தன் கணவனின் சகோதரனோடு வாழ்ந்தவள். கடலாயி தன் சமூக வழக்கப்படி முறையாக மணம் முடித்தவர். விலக்கப்பட்டவர்களைத் தங்கையராகப் பேணுவேன் என்று தடியத்தேவர் சொன்னதாகக் கூறப்படுகிறது. அரண்மனையில் பிறந்த பெண்ணுக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா? அருளானந்தரின் தூய்மையை இக்கேள்வி சிறிதும் குறைக்காது. திருச்சபையின் ஒரே மனைவி என்ற ஒழுங்கு சரியானதே. அதன் விலையை யார் கொடுத்தார் என்று கேட்பது வேறு.

இன்றைய நிலைக்கு வருவோம். பஸ்தார் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் 2025 ஜனவரி 7ஆம் நாள் ஒரு கிறிஸ்தவப் போதகர் இறந்தார். சொந்த ஊரில் அடக்கம் செய்ய ஊரார் விடவில்லை. மூன்று வாரம் உடல் சவக்கிடங்கில் கிடந்தது. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினர். இறுதியில் 20 கிலோ மீட்டருக்கும் அப்பால் உள்ள கிறிஸ்தவக் கல்லறையில் புதைக்க ஆணையிட்டனர். அதே ஆண்டு ஜூலை 25 அன்று துர்க் இரயில் நிலையத்தில் இரு அருள்சகோதரிகள் ஆள்கடத்தல், கட்டாய மதமாற்றம் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு, ஒரு வாரத்திற்குப் பின்னரே பிணையில் வந்தனர். நம் தமிழகத்திலும் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004 தேர்தலுக்குப் பின் அரசே அதைக் கைவிட்டது.

இறந்தவருக்கு ஆறடி மண் மறுப்பது அநீதி. அதில் நமக்கு ஐயமில்லை. அந்த ஊராரிடம் மெய்யான ஓர் அச்சமும் இருக்கக்கூடும்: குலதெய்வக் கொடைக்கு வரி கொடுக்க ஆள் குறையும், ஊர் இரண்டாகும் என்ற அச்சம். அதை அரசியலுக்குப் பயன்படுத்துவோர் உண்டு. அவர்களுக்கு நாம் சட்டப்படி பதில் சொல்வோம். அஞ்சுகிற அண்டை வீட்டாருக்கோ வேறு பதில் தேவை. கட்டாயமும் ஆசைகாட்டலும் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே தெளிவாகத் தடுத்திருக்கிறது. பிற சமயத்தாரின் தெய்வங்களை ஒலிபெருக்கியில் பழிக்கும் சில கூட்டங்களைக் கண்டு நாமும் முகம் சுளிக்கிறோம். அத்தோடு நிற்காமல், அவை நம்முடையவை அல்ல என்று அவர்களுக்குச் சொல்லியும் வைக்கலாமே!

ஓரியூருக்கு வருவோரில் பெருந்தொகையினர் இந்துக்கள். மொட்டை போடுகிறார்கள், ஆடு வெட்டிச் சமைத்துப் பந்தி வைக்கிறார்கள், அங்குள்ள செம்மணலை அருளானந்தரின் இரத்தம் தோய்ந்தது என்று அள்ளிச் செல்கிறார்கள். மறவர் பலர் அவரைத் தங்கள் குலசாமியைப் போலவே எண்ணுகின்றனர். இது மறைக்கல்வி நூலில் உள்ள பக்தி அல்லதான். அதற்காக நம் குருக்கள் அவர்களை விரட்டவில்லை. கொட்டோனூவில் திருத்தந்தை பேசியதைப் போன்ற ஒன்று, யாரும் உரை நிகழ்த்தாமலேயே ஓரியூர் மரத்தடியில் நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்த பிப்ரவரியில் மறைக்கல்வி வகுப்புகளில் அருளானந்தர் வரலாற்றைச் சொல்லும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: கடலாயியை 'சூழ்ச்சிக்காரி' என்ற ஒரே சொல்லில் முடிக்க வேண்டாம். அந்த அக்கா அப்புறம் எங்கே போவாங்க என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், அந்தக் கேள்விக்கு நேரம் கொடுங்கள்.