தறிக்கு இடந்தராத வீடு

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு போன்ற ஊர்களில் பட்டு நெய்வார்க்கு வீடு உறைவிடம் மட்டுமன்று, தொழிற்களமும் அதுவே. குழித்தறிக்கு மண்தரை வேண்டும். நெய்வார் குழியிற் காலை விட்டு மிதிகட்டையை மிதிப்பர். குழியின் ஈரம் பாவிழையை அறாமற் காக்கும். தறியின்மேற் சக்கார்டுப் பொறி ஏறுதற்குக் கூரையும் உயர்ந்திருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டரசு 2024-இல் அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்னுந் திட்டம், குடிசைவாழ் மக்கள் கற்காரை வீடு கட்ட 3.50 இலக்கம் உருவா தருகின்றது. போற்றத்தக்கதே, பெயரும் தமிழ். (நடுவணரசின் வீட்டுத் திட்டத்திற்கோ பெயரே வடமொழி, அது கிடக்க.) ஆயின் வீட்டின் அளவு 360 சதுர அடி, அடுக்களையும் அதனுள் அடக்கம். தறியை எங்கே இடுவது? அடுக்களையை எண்ணியவர், அங்கே உலையேற்றுந் தறியை எண்ணாமற் போனதேன்?

தறி புகாத வீட்டிற் குடியேறுவோர் பிறர் கொட்டகையிற் கூலிக்கு அமர்வர். இன்றேல் தறியை விற்பர். வீட்டு வேலைக்கிடையே தார் சுற்றிய மனைவியும் முதுதாயும் வெறுங்கையராவர். இழப்பு ஒருவர்க்கன்று, குடும்பத்திற்கே.

நெசவாளர்க்கெனத் தனி வரைபடம் வேண்டும். கைத்தறித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் கூடியிருந்து அதனை வரைக. தறிக்கூடத்தின் செலவையும் உதவித்தொகையிற் கூட்டுக. தளம் பூசியபின் குழிக்காக உடைப்பது இரட்டைச் செலவு. ஆதலின் கடைக்கால் தோண்டுமுன்னரே நெய்வாரை அழைத்துத் தறியை அளந்துகொள்க.