சேவை என்று சொல்லி ஊதியத்தை மறுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் தஞ்சை ஜில்லாக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கூட்டி, கணக்கெழுதி, வங்கிக்கும் குடும்பங்களுக்கும் நடுவே நின்று கடனை வாங்கித் தந்து, தவணை தவறாமல் கட்டவும் வைக்கிற ஊக்குநர்களும், அவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பிற ஊர்களுக்கு அனுப்பப்படுகிற சமுதாய வளப் பயிற்றுநர்களும், எத்தனை ஆண்டு உழைத்தாலும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்படி விடப்பட்டிருப்பது பெரும் அநியாயம் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

1989-ல் தர்மபுரியில் தொடங்கி, பின்னர் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழகமெங்கும் பரவிய இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தலைமுறை வயதாகிவிட்டது. அன்று இளம் மருமகளாய்ப் பேரேட்டைக் கையில் வாங்கியவர் இன்று பேரன் எடுத்துவிட்டார். பேரேடு மட்டும் கைமாறவில்லை. குறுவை நடவு மும்முரமாயிருக்கும் ஆனி மாதத்தில், ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் என்று முதல் நாள் இரவு அலைபேசியில் செய்தி வந்தால், மறுநாள் நடவுக் கூலியை விட்டுவிட்டு, தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் உறுப்பினர்களின் பாஸ் புத்தகங்களுமாகத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைக்காசில் பஸ் ஏறிப் போகிறார். போன செலவு மதிப்பூதியத்தில் அடங்கிவிட்டதாகக் கருதப்படுகிறது; அந்த மதிப்பூதியமோ மாதக்கணக்கில் நிலுவை.

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துச் சென்ற பின், நுண்கடன் கம்பெனி ஆட்கள் வாரத் தவணை கேட்டு வாசலில் வந்து நின்றபோது, அழுதுகொண்டிருந்த பெண்களுக்குப் பக்கத்தில் நின்று பேசியவர்களும் இவர்கள்தாம். கடன்காரனிடம் எதைக் கேட்கலாம், எந்த அதிகாரியிடம் முறையிடலாம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கணக்கெழுதவும் படிவம் நிரப்பவும் இரண்டொரு நாள் வகுப்பு நடக்கிறது. அதற்கு மேல் உள்ளதெல்லாம் அவரவர் அநுபவமும் மனத்துணிவுமே.

இப்படித்தான் இருக்கமுடியும் என்பதில்லை. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டபோது கிராம சேவகர்களுக்கென்று பயிற்சி நிலையங்கள் அமைக்கப்பட்டன. மாதச் சம்பளம் உண்டு, விரிவாக்க அலுவலராக உயரும் மார்க்கமும் உண்டு. 1960-ல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நம் ஜில்லா தேர்ந்தெடுக்கப்பட்டபோது வயல் வயலாகச் சென்று அதை நடத்தியவர்களும் அந்தச் சேவகர்களே. அன்று ஆண்களுக்கு உத்தியோகமாயிருந்த ஊர்ப்பணி, இன்று பெண்கள் கைக்கு வந்ததும் தொண்டாகிவிட்டதன் நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

தொண்டுக்குக் கூலியா என்று கேட்பவர்கள், பி. சீனிவாசராவைப் போன்றவர்களை உதாரணம் காட்டுவார்கள். கன்னட நாட்டில் பிறந்து, இங்கே வந்து தமிழ் கற்று, பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டுவதிலேயே ஆயுளைச் செலவிட்ட அந்த மகானை நானும் வணங்குகிறேன். ஆனால் அவர் தாமே மனமுவந்து ஏற்ற தியாகத்தை, அடுப்பெரியக் கூலியை நம்பியிருக்கும் பெண்களிடம் ஒரு சர்க்கார் நிபந்தனையாக விதிப்பது எந்த தர்மத்தில் சேர்ந்தது?

ஆகவே பிரயாணச் செலவும் தினப்படியும் கூட்டத்தன்றே கையில் தரப்படவேண்டும். மதிப்பூதியம் மாதந்தோறும் நேரே அவர்கள் கணக்கில் சேரவேண்டும். பட்டுக்கோட்டையிலுள்ள ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனத்திலேயே இவர்களுக்குப் படிப்படியான பயிற்சியும், உத்தியோகத்துக்குச் செல்லத்தக்க சான்றிதழும் வழங்கலாம். வட்டார ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் பட்டம் கேட்கிறார்கள். பத்தாண்டு குழு நடத்தியவருக்கு அந்த விதியைத் தளர்த்தி, காலியிடங்களில் ஒரு பங்கை ஒதுக்கி, வரும் ஆனி நடவுக்கு முன்னதாகவே ஆணை பிறப்பிக்கும்படி மாவட்ட நிர்வாகத்தையும் ஊரக வளர்ச்சித் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவர்,
திருவையாறு வட்டம்.