தங்க அட்டையும் ஆறு எழுத்தும்

போன சித்திரையில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. சொத்துச் சண்டையல்ல, நகைச் சண்டையும் அல்ல. ஆகாய விமானத்தில் என் மாமியார் எங்கே உட்காருவது என்பதுதான் விவகாரம்!

எங்கள் ஊர் நெருப்பெரிச்சல். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். திருப்பூர் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட ஊர்தான். தெருவில் நடந்தால் தையல் மெஷின் சத்தம் கூடவே வரும். பனியன் தொழிலின் புண்ணியத்தில், ரயிலே ஏறாத பாட்டி இருக்கிற வீட்டிலும் ஜெர்மனி போய் வந்த பிள்ளை ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது என் கொழுந்தனார். வருஷத்துக்கு நாலைந்து தடவை 'பையர்'களைப் பார்க்கப் பறப்பவர். பறந்து பறந்து, விமானக் கம்பெனியிடம் தங்க அட்டை வாங்கி வைத்திருக்கிறார். முன்வரிசை ஆசனம், கால் நீட்ட இடம், காத்திருக்கத் தனி அறை என்று அதற்கு ஏகப்பட்ட மரியாதை.

நாத்தனாருக்கு ஜெர்மனியில் பிரசவம். அத்தை போகவேண்டும். வயது எழுபத்திரண்டு, இரண்டு முழங்காலிலும் வலி. துணைக்கு என் ஓரகத்தியும் அவளுடைய ஒன்பது வயதுப் பெண்ணும். அதே விமானத்தில் கொழுந்தனாருக்கும் கம்பெனி வேலையாகப் பிரயாணம்.

"நீ ஏம்மா கவலைப்படறே? என்ற கார்டு எதுக்கு இருக்குது? நாலு பேரும் முன்னாடியே உக்காந்து போலாம்" என்று அவர் சொன்னதை நம்பி, அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

பிசகு டிக்கெட் வாங்கியதில் நேர்ந்தது. கொழுந்தனார் டிக்கெட்டைக் கம்பெனிக் கணக்கில் கணக்குப்பிள்ளை வாங்கினார். மற்ற மூன்றையும் வீட்டுப் பணத்தில் ஓரகத்தி வாங்கினாள். கணக்கு வெகு சுத்தம்! ஆனால் ஆசனம் தேர்ந்தெடுக்கப் போனால், கொழுந்தனாருக்கு மட்டும் முன்வரிசை இலவசம். மற்றவர்களுக்குக் காசு கேட்டது, அதுவும் பின்னால்தான்.

விஷயம் இதுதான். டிக்கெட் பதிவு செய்ததும் ஆறு எழுத்தில் ஓர் அடையாளம் தருகிறார்களே, பி.என்.ஆர். என்று, விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அதுதான் குடும்பம். தாயா, தாரமா என்று அதற்குத் தெரியாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் மைல் கணக்குத் திட்டத்தை ஆரம்பித்தது. இன்று அந்தக் கம்பெனியில், அட்டைக்காரருடன் ஒரே பதிவில் வருகிற எட்டுப் பேர் வரைக்கும்கூட ஆசனச் சலுகை உண்டு. 'ஒரே பதிவில்' என்ற இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் எண்ணிக்கை மாறும், அட்டையின் தரத்துக்குத் தக்கபடி சலுகையும் மாறும்.

"உங்க நம்பரையே அத்தை டிக்கெட்டுல போட்டுட்டா என்னங்க?" என்றாள் ஓரகத்தி. அது நடக்காது. அட்டையில் உள்ள பெயரும் பிரயாணியின் பெயரும் ஒன்றாயிருக்கவேண்டும். ரேஷன் கார்டு குடும்பத்துக்கு ஒன்று. இது ஆளுக்கு ஒன்று.

"ரெண்டு பதிவையும் ஒண்ணாச் சேர்த்துடுங்க" என்று டிக்கெட் ஏஜண்டைக் கேட்டோம். அவர் எங்கள் ஊர்க்காரர், எங்களுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்: "இது கட்டிங் டேபிள்ல போட்ட துணி மாதிரிங்க. வெட்டலாம், ஒட்ட முடியாதுங்க."

நாலு பேருக்கு ஒன்றாக எடுத்த பதிவைப் பின்னால் இரண்டாகப் பிரிக்கலாமாம். தனித்தனியாக டிக்கெட் போட்டபின் சேர்க்க வழியில்லையாம். ரத்து செய்து புதிதாக வாங்கினால் நஷ்டம். ஒன்று மட்டும் செய்யலாம்: 'டி.சி.பி.' என்று ஒரு குறிப்பு எழுதி, இந்த இரண்டு பதிவும் ஒரே கூட்டம் என்று கம்பெனிக்குத் தெரிவிக்கலாம். ஆனால் அது தகவல்தானே தவிர உரிமையல்ல. மனமுள்ள உத்தியோகஸ்தர் பார்த்தால் உதவுவார். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. முன்னால் இடமே மீதியில்லை.

வேடிக்கையைக் கேளுங்கள். ஏர் இந்தியா 2014-ல் சேர்ந்த ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் தங்கப் படியில் உள்ளவர், காத்திருக்கும் அறைக்கு ஒரு விருந்தாளியை அழைத்துப் போகலாம். அங்கே கேட்பது ஒரே விமானமா என்றுதான். ஒரு சமோசா சாப்பிட இருக்கிற தாராளம், எட்டு மணி நேரம் கால் மடக்கி உட்காருவதற்கு இல்லையே என்று எனக்கு ஆத்திரமாய் வந்தது. பிறகு யோசித்தேன். பதிவைப் பார்க்காமல் சலுகை தந்தால் எங்கள் தெருவே கொழுந்தனாருக்கு மாமன் மச்சான் ஆகிவிடும். விமானக் கம்பெனியையும் எத்தனைதான் திட்டுவது?

நல்லவேளையாகக் குழந்தை விஷயத்தில் கவலையில்லை. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தாய் தந்தை அல்லது பாதுகாவலர் ஒருவர் பக்கத்தில் ஆசனம் தரவேண்டும் என்று நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அதிலும் 'ஒரே பதிவில்' என்ற நிபந்தனை உண்டு. பாப்பா அம்மாவின் பதிவில் இருந்ததால் தப்பித்தாள். அப்பாவின் டிக்கெட்டோடு தாத்தா பாட்டி டிக்கெட்டைச் சேர்த்து, குழந்தைக்குத் தனியாக எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அவசர வழியருகே கால் நீட்ட நிறைய இடம் இருக்குமே என்று கேட்காதீர்கள். ஆபத்தில் கதவைத் திறந்து உதவத் திராணி உள்ளவர்களுக்குத்தான் அது. முழங்கால் வலிக்காரருக்கு எந்த அட்டை இருந்தாலும் கிடைக்காது.

கடைசியில் விமானத்தில் ஏறியதும், பணிப்பெண்ணிடம் அனுமதி கேட்டுக் கொழுந்தனார் தம் முன்வரிசை இடத்தை அத்தைக்குக் கொடுத்தார். முப்பத்தெட்டாம் வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே போய் உட்கார்ந்தார். மணிக்கொரு தடவை எழுந்து வந்து தாயாரைக் குளியலறைக்கு அழைத்துப் போனாராம்.

போய்ச் சேர்ந்ததும் அத்தை போன் செய்தார். "காலை நல்லா நீட்டுனேன் கண்ணு. பக்கத்துல இருந்த வெள்ளைக்காரம்மா நல்லவதான், ஆனா பேசத்தான் முடியல. பாப்பா சாப்பிட்டுதோ இல்லையோன்னு பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துக் கழுத்துதான் வலிக்குது."

ஏஜண்ட் பிற்பாடு இன்னொன்றும் சொன்னார். ஒரே பதிவில் எடுத்தாலும் டிக்கெட் எண் ஒவ்வொருவருக்கும் தனிதான். கம்பெனிக்கு ஒரு பில், வீட்டுக்கு ஒரு பில் என்று பிரித்துத் தரச் சொல்லி முதலிலேயே கேட்டிருக்கலாமாம்! இப்போது கணக்குப்பிள்ளைக்கு உத்தரவு: முதலாளி டிக்கெட் வாங்குமுன் வீட்டுக்கு ஒரு போன்.

கொழுந்தனார் பத்து நாளில் திரும்பினார். ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஓரகத்தி ஊரில் இல்லை. தைலம் தேய்த்துவிட்டது என் வீட்டுக்காரர்தான்.